ஒரே ராத்திரியில 14 லிட்டர்: என் பபிள் டிப் அனிமோன் கேஸ், முதல்ல இருந்து கடைசி வரைக்கும்

கடல் மீன் டேங்க்ல வளர்க்குற அனிமோன் (பூ மாதிரி விரியுற கடல் பிராணி) சுருங்கிப் போச்சு, வாய் திறந்து கிடக்கு, என்ன பண்றதுன்னு யார் கேட்டாலும் முதல் பதில் "உடனே வாட்டர் சேஞ்ச் பண்ணுங்க"ன்னுதான் வருது, நானும் பல பேருக்கு அதையே சொல்லியிருக்கேன். இந்த கேஸ்ல என் அனிமோனுக்கு விழுந்த பெரிய அடி அந்த வாட்டர் சேஞ்ச்தான். நம்பர் எல்லாம் டேங்க் நோட்டுல அன்னன்னிக்கே எழுதி வச்சது, அதனால என்ன நடந்துச்சுன்னு ஊகமா இல்லாம கணக்காவே சொல்ல முடியும்.

முதல்ல சிஸ்டம் பத்தி. டேங்க், சம்ப் (டேங்க்கோட சேர்ந்த ஃபில்டர் தொட்டி) ரெண்டும் சேர்த்து, கல்லு மண்ணு அடைச்ச இடம் கழிச்சு, நிஜமான தண்ணி 280 லிட்டர். மூணு வருஷமா ஓடிட்டு இருந்த டேங்க். ஒரு பபிள் டிப் அனிமோன் (என்டக்மேயா குவாட்ரிகலர், கை நுனியில குமிழ் வர்ற வகை), அதுக்குள்ளயே குடியிருக்குற ஒரு ஜோடி கிளவுன் மீன், கொஞ்சம் மஷ்ரூம் கோரல், ஜோவாந்தஸ் கோரல், ஒரு ஹேமர் கோரல் (கோரல்னா பவளம்). உப்பு 35 பிபிடி (கிலோ தண்ணிக்கு 35 கிராம்), வெப்பம் 25.5 டிகிரி, அல்கலினிட்டி (பிஹெச் ஆடாம தாங்குற திறன்) 8.0 டிகேஹெச், கால்சியம் 420, மெக்னீசியம் 1320, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. பிஹெச் ராத்திரி 8.05, சாயங்காலம் 8.3ன்னு ஏறி இறங்கும். ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகும், அதை ஏடிஓ (மட்டம் குறைஞ்சா தண்ணி விடுற ஆட்டோ டாப் ஆஃப் கருவி) தானா நிரப்பும். அந்த ஏடிஓ தொட்டியில வெறும் ஆர்ஓ தண்ணி இல்ல, லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த கால்க் தண்ணி, அதாவது நம்ம சுண்ணாம்பு தெளிவு தண்ணிதான். முழு செறிவுன்னா லிட்டருக்கு ஒன்றரை கிராம் வரைக்கும் கரையும், நான் போட்டது அதுல கால்வாசிக்கும் கொஞ்சம் மேல. இந்த ஒரு விஷயம்தான் பின்னாடி டெஸ்ட் கிட்டை மட்டும் வச்சு என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாம போனதுக்கு காரணம்.

காலைல ஆறரை மணி, லைட் இன்னும் வரல, டார்ச் அடிச்சுப் பாத்தா அனிமோன் இருந்த இடத்துல ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ கல்லுல ஒட்டிட்டு இருக்கு. சாதாரணமா ராத்திரியிலயும் உள்ளங்கை அளவுக்கு விரிஞ்சு இருக்கும். கை எல்லாம் சுருங்கி தீக்குச்சி நீளத்துக்கு நிக்குது, நுனியில இருக்குற குமிழ் ஒண்ணு கூட இல்ல, நடுவுல வாய் வெளிய தள்ளிட்டு வந்து உதடு மடிஞ்ச மாதிரி திறந்து உள்ள இருக்குற வெளிர் மடிப்பு தெரியுது, வாயோரத்துல பழுப்பு நூல் மாதிரி சளி தொங்குது. கிளவுன் ரெண்டும் அது மேல போய் போய் முட்டிட்டு திரும்புதுங்க.

சுருங்குறது மட்டும்னா பயப்பட வேண்டியதே இல்ல. அனிமோனுக்கு உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் ஒரே வழிதான், அந்த வாய்தான், அதனால சில நாளுக்கு ஒரு தடவை உள்ள இருக்குற தண்ணி, கழிவு எல்லாத்தையும் ஒரேயடியா வெளிய தள்ளி பலூன் காத்து போன மாதிரி ஆயிட்டு, சில மணி நேரத்துல புது தண்ணி இழுத்து பழையபடி ஊதிக்கும். எலும்போ ஓடோ எதுவும் இல்ல, உள்ள நிக்குற தண்ணிதான் அதுக்கு எலும்பு. அந்த மாதிரி சுருங்கும்போது வாய் இறுக்கமா மூடியிருக்கும், பாதம் கல்லை விடாது. அன்னிக்கு பாதம் பிடிச்சுதான் இருந்துச்சு, ஆனா வாய் அப்படி திறந்து கிடந்தது, அங்கதான் எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு.

டெஸ்ட் கிட் எல்லாம் எடுத்தேன். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06, வெப்பம் 25.6, அல்கலினிட்டி 9.0, உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025. எதுல குறை சொல்ல முடியும் சொல்லுங்க, இந்த லிஸ்ட்டை யார்கிட்ட காட்டினாலும் "தண்ணி சூப்பரா இருக்கு, வேற ஏதோ பிரச்சனை"ன்னுதான் சொல்லுவாங்க. இந்த இடத்துலதான் பாதி பேர் தப்பான வழியில போயிடுறோம்னு நினைக்கிறேன், ஏன்னா கிட் காட்டுறது இப்ப இருக்குற நம்பர், அனிமோன் காட்டுறது நேத்து ராத்திரியில இருந்து இப்ப வரைக்கும் அந்த நம்பர் எவ்வளவு தூரம் நகர்ந்துச்சுங்கிறதை. ரெண்டும் வேற வேற செய்தி.

சம்ப் கதவைத் திறந்ததும் விஷயம் தெரிஞ்சுது. தண்ணி மட்டம் கோட்டுக்கு ரொம்ப மேல நிக்குது, ஏடிஓ ஃப்ளோட் சுவிட்ச் மேல ஒரு குட்டி நத்தை உக்காந்து மிதவையை கீழ அமுக்கி வச்சிருக்கு, பம்ப் ஓடிட்டே இருக்கு. தொட்டியில குறைஞ்ச அளவை வச்சு பாத்தா 14 லிட்டர் உள்ள போயிருக்கு. நல்ல வேளை அது மெதுவா சொட்டுற டோசிங் பம்ப், மணிக்கு 3 லிட்டர் கூட தள்ளாது, அதனால அஞ்சு மணி நேரமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. பிஹெச் மானிட்டர் கிராஃப்லயும் அதே கதைதான், ஒரு மணிக்கு 8.05ல இருந்து கிளம்பி ஆறு மணிக்கு 8.6 தாண்டியிருக்கு, ராத்திரி நேரத்துல ஏறவே கூடாத கோடு அது.

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. 280 லிட்டர்ல 14 லிட்டர் உப்பில்லாத தண்ணி சேர்ந்தா 35 பிபிடி 33.3 ஆகும். ரிஃப்ராக்டோமீட்டர்ல இது 1.026ல இருந்து 1.025, ஸ்கேல்ல ஒரே ஒரு கோடு, கண்ணை கொஞ்சம் சாய்ச்சுப் பாத்தா அந்த வித்தியாசமே தெரியாது, ஆனா உப்புல பாத்தா கிட்டத்தட்ட அஞ்சு சதவீதம் ஒரே ராத்திரியில காணாம போன மாதிரி. கண்டக்டிவிட்டி மீட்டர் (தண்ணி மின்சாரத்தைக் கடத்துற அளவை வச்சு உப்பைக் காட்டுறது) வச்சப்பதான் 53ல இருக்க வேண்டியது 50.7ன்னு பளிச்சுன்னு காட்டுச்சு. அல்கலினிட்டி கதை இன்னும் விசேஷம், வெறும் தண்ணி சேர்ந்திருந்தா 8.0 இருந்தது 7.6க்கு இறங்கியிருக்கணும், ஆனா கால்க் அதை 9.0க்கு ஏத்திடுச்சு. கால்சியமும் அதே மாதிரி, நீர்த்துப் போய் 400 ஆக வேண்டியதை கால்க்ல வந்த கால்சியம் 410ல நிறுத்திடுச்சு. மெக்னீசியத்துக்கு மட்டும் கால்க்ல இருந்து எதுவும் வராது, அது அப்படியே 1260க்கு விழுந்திருந்துச்சு, கிட் தப்பா இருக்குமோன்னு ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன், ரெண்டு தடவையும் அதே. உப்பு இறங்கி அல்கலினிட்டி ஏறியிருக்கு, மெக்னீசியம் மட்டும் தனியா விழுந்திருக்கு, இந்த மூணும் ஒண்ணா வந்தா கால்க் ஏடிஓ கொட்டிடுச்சுன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம். அல்கலினிட்டி மட்டும் டெஸ்ட் பண்ற ஆளா இருந்தா 9.0 பாத்து சந்தோஷப்பட்டு போயிருப்பேன்.

சரி, கிளவுனுக்கு ஒண்ணும் ஆகல, ஹேமர் காலைல பத்து மணிக்கெல்லாம் விரிஞ்சிடுச்சு, மஷ்ரூம் மத்தியானம் வரைக்கும் மூடியிருந்து அப்புறம் சரியாச்சு, ஏன் அனிமோன் மட்டும் இந்தப் பாடு பட்டுச்சு? மீன் தன் ரத்தத்துல உப்பை தானே கட்டுப்படுத்தும், செவுள், சிறுநீரகம் எல்லாம் அதுக்குத்தான் இருக்கு, வெளியில 35 இருந்தாலும் 33 இருந்தாலும் உள்ள தன் அளவை பிடிச்சு வச்சுக்கும். அனிமோனுக்கு அந்த ஏற்பாடு கிடையாது, வெளியில எவ்வளவோ உள்ளயும் அவ்வளவுதான். வெளியில உப்பு குறைஞ்சா செல்லுக்குள்ள தண்ணி பாயும், செல் வீங்கும், வீங்கி வெடிக்காம இருக்க உள்ள சேர்த்து வச்சிருக்குற அமினோ அமிலம் மாதிரி சின்னச் சின்ன பொருளை எல்லாம் வெளிய தள்ளி சமன் பண்ணும். தள்ளுறது சீக்கிரம் நடந்துடும், திரும்ப உப்பு ஏறும்போது அதையெல்லாம் மறுபடி சேர்க்கிறது மெதுவாத்தான் நடக்கும், அதுக்கு சக்தியும் செலவாகும். இதை நான் அன்னிக்கு காலைல யோசிச்சிருந்தா அடுத்த தப்பை பண்ணியிருக்க மாட்டேன்.

கோரல்ல சதை மெல்லிசா எலும்பு மேல போர்த்தியிருக்கும், அனிமோன் முழுக்க சதை, உள்ள லிட்டர் கணக்குல இல்லாட்டியும் ஒரு டம்ளர் தண்ணியை வயித்துல வச்சுட்டு நிக்குது, மாறிப் போன தண்ணி உள்ளயும் வெளியிலயும் ரெண்டு பக்கமும் படுது. அது சுருங்கினதே தண்ணி படுற பரப்பை குறைச்சுக்கத்தான்னு நான் நினைக்கிறேன். பாறைக் குட்டையில வாழுற அனிமோன்கள் மழை பெஞ்சா அப்படித்தான் பண்ணும், கையை எல்லாம் உள்ள இழுத்து ஜெல்லி உருண்டை மாதிரி மூடிக்கிட்டு அலை திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கும். ஆக்டினியா எக்வைனான்னு அந்த வகையில ஒண்ணை ஸ்காட்லாந்துல ஜான் டேலியல்ங்கிறவர் 1828ல பிடிச்சு கண்ணாடி ஜாடியில கடல் தண்ணி மாத்தி மாத்தி வளர்த்தார், அவர் 1851ல இறந்துட்டார், அது 1887 வரைக்கும் இருந்துச்சு, கிரானி, அதாவது பாட்டின்னே பேர் வச்சிருந்தாங்க. வயசாகி சாகுறதுன்னு அனிமோனுக்கு ஒண்ணு இருக்கான்னு கேக்குற அளவுக்கு ஆயுசு உள்ள உயிர் இது, நம்ம டேங்க்ல ரெண்டு வருஷத்துல போகுதுன்னா அது நம்ம தண்ணியாலதான். பபிள் டிப் பவளப் பாறையில வாழுறது, அங்க உப்பு அவ்வளவு ஆடாது.

இப்ப நான் பண்ண தப்புக்கு வர்றேன். எட்டு மணிக்கு 70 லிட்டர் உப்புத் தண்ணி கலக்கினேன், டேங்க் 33.3ல இருக்கே, சீக்கிரம் 35க்கு கொண்டு போகணும்னு வேணும்னே கூட உப்பு போட்டு 38 பிபிடிக்கு கலக்கி, வெப்பம் மட்டும் சரி பண்ணி, ஒரு மணி நேரத்துல மாத்தி முடிச்சுட்டேன். டேங்க் 34.4க்கு வந்துச்சு. அஞ்சு மணி நேரத்துல 1.7 இறங்கினதை ஒரு மணி நேரத்துல 1.1 ஏத்தியிருக்கேன், அதாவது விபத்தை விட மூணு மடங்கு வேகத்துல. அந்த உப்பு பிராண்ட்ல அல்கலினிட்டி 11க்கு மேல வரும், அதனால 9.0 இருந்தது 9.6 ஆச்சு, ராத்திரியில இருந்து பாத்தா 1.6 டிகேஹெச் ஏத்தம். வாட்டர் சேஞ்ச் முடிஞ்சு அரை மணியில அனிமோன் பாதத்தை விட்டுடுச்சு. அதுவரைக்கும் கல்லை பிடிச்சுட்டு இருந்தது, நான் "காப்பாத்தின" பிறகுதான் விட்டுச்சு, கல்லு இடுக்குல இருந்து உருண்டு மண்ணுல மல்லாக்க விழுந்து கிடந்தது.

வேவ் மேக்கர் (டேங்க்ல தண்ணியை ஓட வைக்கிற பம்ப்) ரெண்டையும் உடனே நிறுத்தி ஸ்பாஞ்ச் கட்டினேன், அவிழ்ந்த அனிமோன் போய் மாட்டுற முதல் இடம் அதுதான், மாட்டினா கிழிஞ்சு போய், தேள் மாதிரி கொட்டுற அதோட செல்லும் அம்மோனியாவும் டேங்க் முழுக்க பரவி மீன் வரைக்கும் போயிடும். அது மேல ஒரு பிளாஸ்டிக் வடிகூடையை கவுத்து வச்சேன், தண்ணி ஓட்டம் இருக்கும், கிளவுன் வந்து இடிக்காது. லைட்டை அறுபது சதவீதமா குறைச்சேன். இந்த மூணும் சரியான முடிவுன்னு இப்பவும் சொல்லுவேன். ரெண்டாம் நாள் தெம்பு வரட்டும்னு ஒரு துண்டு இறால் வச்சது தப்பு, அஞ்சு மணி நேரம் வச்சிருந்து செரிக்காம சளியோட கக்கிடுச்சு, கொடுக்காமலே இருந்திருந்தா அந்த சக்தியாவது மிஞ்சியிருக்கும்.

நாலாம் நாள் கூடைக்குள்ளயே ஒரு தட்டைக் கல்லுல பாதம் ஒட்டிச்சு, வாய் பாதி மூடிச்சு, சரி தேறிடுச்சுன்னு நான் உப்பு அளக்குறதையே விட்டுட்டேன். ஆறாம் நாள் காலைல பாத்தா நிறம் போயிருக்கு. பழுப்பு கலந்த சிவப்பா இருந்தது வெளிறி ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, கூடை ஓரத்துல பழுப்பு சளி குவிஞ்சு கிடக்கு, அது பூரா அதோட சதைக்குள்ள இருந்து வெளிய வந்த ஜூக்சாந்தெல்லே பாசி. அதுக்கு சாப்பாட்டுல பெரும் பங்கு அந்தப் பாசி சமைச்சுக் கொடுக்குறதுதான், அதையே வெளிய தள்ளுதுன்னா உள்ள நிலைமை அவ்வளவு மோசம்னு அர்த்தம்.

மறுபடி கண்டக்டிவிட்டி வச்சேன், 54.5. உப்பு 36.1 பிபிடி. எங்க இருந்து வந்துச்சு இந்த உப்புன்னு ஒரு பத்து நிமிஷம் தலையில கை வச்சு உக்காந்துட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது. ஃப்ளோட் சரி பண்ற வரைக்கும் ஏடிஓவை ஆஃப் பண்ணி வச்சிருந்தேன், உள்ள கொட்டின அந்த 14 லிட்டர் சம்ப்லதான் இருந்துச்சு, வழிஞ்சு வெளிய போகல, நாளைக்கு 3 லிட்டர் வீதம் அஞ்சு நாள்ல அது தானா ஆவியாகி மட்டம் பழைய கோட்டுக்கு வந்துடுச்சு. தண்ணி வழியாததால விபத்துல உப்பு ஒரு கிராம் கூட டேங்க்கை விட்டு போகல, நான் 38ல கலக்கி ஊத்தினது அத்தனையும் கூடுதல் உப்பு, ஏறக்குறைய 330 கிராம். அதாவது அன்னிக்கு காலைல நான் ஏடிஓ பிளக்கை மட்டும் பிடுங்கிட்டு வேற எதையும் தொடாம இருந்திருந்தா, அஞ்சு நாள்ல நாளைக்கு 0.35 பிபிடி வீதம் டேங்க் தானா 35க்கு வந்து நின்னிருக்கும், அனிமோனுக்கு அதை விட பதமான வேகம் வேற எதுவும் கிடையாது. பிஹெச்சும் ஏர் கல்லு போட்டு விட்டா சாயங்காலத்துக்குள்ள காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு இழுத்து தானா இறங்கியிருக்கும். அதுக்குப் பதிலா 35, 33.3, 34.4, 36.1ன்னு ஒரு வாரத்துக்குள்ள மூணு தடவை உப்பை ஆட்டியிருக்கேன், அதுல முதல் ஆட்டம் மட்டும்தான் நத்தை பண்ணது.

தண்ணி வழிஞ்சிருந்தா கணக்கு வேற. சம்ப் நிரம்பி தரையில கொட்டியிருந்தா அந்தத் தண்ணியோட உப்பும் போயிருக்கும், அப்ப ஆவியானாலும் 35 வராது, அப்ப நாளைக்கு ஆவியாகுற 3 லிட்டருக்கு ஆர்ஓ தண்ணிக்கு பதிலா 35 பிபிடி உப்புத் தண்ணியை ஊத்திட்டு வந்தா அதே 0.35 வேகத்துல ஏறும். ஆக விபத்து நடந்த காலைல முதல்ல கேக்க வேண்டியது உப்பு எவ்வளவுன்னு இல்ல, தண்ணி சிஸ்டத்தை விட்டு வெளிய போச்சா இல்லையான்னுதான். இதுக்கு பதில் தெரியாம கலக்குற வாளியை தொடவே கூடாது.

ரெண்டாவது தடவை அவசரப்படல. 36.1ஐ 35க்கு கொண்டு வர டேங்க் தண்ணி எட்டரை லிட்டர் எடுத்து ஆர்ஓ தண்ணி ஊத்தணும், அதை காலைல முக்கால் லிட்டர், ராத்திரி முக்கால் லிட்டர்னு ஆறு நாளா பிரிச்சேன். ரிஃப்ராக்டோமீட்டரையும் அப்பதான் 35 பிபிடி கேலிபரேஷன் திரவம் வச்சு சரி பார்த்தேன், ஆர்ஓ தண்ணி வச்சு பூஜ்யத்துல மட்டும் சரி பண்ணா 35 கிட்ட தப்பு காட்டுற கருவி நிறைய இருக்கு, என்னுது கொஞ்சம்தான் தள்ளி இருந்துச்சு.

தினமும் சாயங்காலம் கூடையைத் தூக்கி ரெண்டு விஷயம் பாப்பேன், பாதம் முழுசா இருக்கா, சதை கரைஞ்சு நூல் நூலா பிரியுதா. வெளிறிப் போன அனிமோன் பிழைக்கும், பாதம் கரைய ஆரம்பிச்ச அனிமோன் பிழைச்சு நான் பாத்ததில்ல, அப்படி ஆச்சுன்னா நாத்தம் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடணும், ஒரு ராத்திரி விட்டா கூட அது கரைஞ்சு டேங்க்கையே நாசம் பண்ணிடும். இதோட பாதம் ஒரு நாள் கூட கரையல, அதுதான் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

பதினொண்ணாம் நாள் கை நீள ஆரம்பிச்சுது. பதினாலாம் நாள் வாய் முழுசா மூடியிருந்துச்சு, ஒரே ஒரு மைசிஸ் (இறால் மாதிரி குட்டிப் பிராணி) துண்டை கை நுனியில வச்சேன், நாலஞ்சு கை சேர்ந்து அதை மெதுவா சுத்தி வாய்க்கு கொண்டு போச்சு, மறுநாள் வரைக்கும் கக்கல. அதுல இருந்து மூணு நாளைக்கு ஒரு தடவை சின்னத் துண்டு. பாசி இல்லாத காலத்துல அதுக்கு வாய் வழியா வர்றதுதான் முக்கியமான சோறு, ஆனா பெரிய துண்டா கொடுத்தா செரிக்க முடியாது. லைட்டை வாரத்துக்கு அஞ்சு சதவீதம் வீதம்தான் ஏத்தினேன். மூணாவது வாரம் கூடையை எடுத்தேன், கிளவுன் ரெண்டும் அரை மணிக்குள்ள உள்ள போய் படுத்துடுச்சுங்க, அதுவும் நல்லதுக்குதான், மீனோட கழிவுல வர்ற அம்மோனியாவை பாசி உரமா எடுத்துக்கும். பழைய நிறம் முழுசா திரும்ப மூணு மாசத்துக்கு கொஞ்சம் குறைவா ஆச்சு.

நடுவுல நாப்பதாவது நாள் ஒண்ணு ரெண்டா பிரிஞ்சுது. பிரிஞ்சா ஆரோக்கியம்னு சந்தோஷப்படுறவங்க இருக்காங்க, நான் அப்படி எடுத்துக்கல, பபிள் டிப் நல்லா கொழுத்தாலும் பிரியும், அடி வாங்கினாலும் பிரியும், நோட்டுல முன்னாடி பின்னாடி எழுதினதை பாக்காம அது எதுன்னு சொல்ல முடியாது.

ஏடிஓ இப்ப மொத்தமா மாத்திட்டேன். கால்க் தனி, அது டோசர்ல ராத்திரி மட்டும் அளவா போகும். டாப் ஆஃப் தொட்டியை 20 லிட்டர்ல இருந்து மூணு லிட்டராக்கிட்டேன், தினமும் நிரப்ப வேண்டியிருக்கு, பரவாயில்ல, மொத்தமும் ஒரே ராத்திரியில கொட்டினாலும் 35 வந்து 34.6 ஆகும், அவ்வளவுதான். ஃப்ளோட்டுக்கு மேல ரெண்டாவதா ஒரு சென்சார், மட்டம் அதைத் தொட்டா பம்ப் நிக்கும், ரெண்டையும் சுத்தி வலை போட்டிருக்கேன். இதை எழுதுற இப்ப ரெண்டு அனிமோனும் ஒரே கல்லுல எதிரெதிர் பக்கம் விரிஞ்சு நிக்குது, பெரியதுல குமிழ் வந்துடுச்சு, சின்னதுல இன்னும் வரல, கை நீளமா தொங்கிட்டு இருக்கு, நேத்து ராத்திரி அளந்த உப்பு 35.0.